கேக்கு அடுப்பின் கடிகாரம்

எங்கள் அம்மா விமானத்தில் வந்தாள். அவளுடைய ஓவன் கப்பலில் வந்தது. இரண்டும் புறப்பட்டது குவைத்தில் ஒரே சமையலறையிலிருந்துதான். ஒரே ஒரு வித்தியாசம், ஓவனுக்குத் திரும்பிப் போக டிக்கெட் கிடையாது. அம்மாவுக்கு இருந்தது.

ஆந்திர எல்லைக்குள் இருக்கிற நகரியில், தறிகள் இரைகிற தெருவில் எங்கள் வீடு. முன்னறையில் இரண்டு பவர்லூம், பின்னால் சமையல், நடுவில் நாங்கள். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் முன்பே, தறி வாங்கிய கடனை அடைக்க அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். அதன் பிறகு எனக்கு அம்மா என்றால் போனில் வருகிற ஒரு குரல். தறி இரைச்சலில் அந்தக் குரலோடு நான் கத்திக் கத்திப் பேசிப் பழகியிருந்தேன். அவள் நேரில் வந்து என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்த பிறகும், "அம்மா, நல்லா கீறியா? சாப்ட்டியா?" என்று ஒரு வாரம் கத்திக்கொண்டுதான் இருந்தேன். அவள் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். எனக்கு வெட்கமாகப் போய்விடும். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு.

அதுவரை சமைத்துப் போட்டது என் அப்பா, நைனாதான். நைனாவுக்கு ஒரு குழம்பு தெரியும். அதில் கத்தரிக்காய் போட்டால் கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கைக்காய் போட்டால் முருங்கைக்காய்க் குழம்பு. நான் குறை சொன்னதில்லை. அம்மா வந்த முதல் நாள் அதைத் தின்றுவிட்டு எழுந்து போய்ப் பாத்திரங்களை எல்லாம் தேய்த்துக் கவிழ்த்தாள். மறுநாளிலிருந்து சமையலறை கைமாறியது. நைனா அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் எதையும் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்வதாக வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார்.

ஓவன் வந்த கதை இது. அம்மா வேலை செய்த வீட்டில் சமையலறையை இடித்துப் புதிதாகக் கட்டினார்களாம். பழைய ஓவனை வெளியே தூக்கிப் போடப் போனபோது, "எனக்குக் கொடுங்கள்" என்று அந்த வீட்டு மேடத்திடம் கேட்டுவிட்டாள். அவள் வேறு எதையும் அங்கே வாய் திறந்து கேட்டதில்லை. வளையல் கேட்கிற வயதில் இவள் அடுப்பு கேட்கிறாளே என்று மேடம் சிரித்தாளாம். கார்கோவில் போட்ட பெட்டி சென்னைக்கு வந்து, அங்கிருந்து மினி லாரியில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது பாதித் தறிகள் நின்றுவிட்டன. எல்லோரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். பலகைகளைப் பெயர்த்து எடுத்ததும் வெள்ளையாக, கண்ணாடிக் கதவோடு, எங்கள் பீரோவில் பாதி உயரத்துக்கு அது நின்றது. "இது டிவியா?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

சமையலறையில் அதற்கேற்ற பிளக் இல்லை. தறிக்குப் போட்டிருந்த கனமான ஒயர் முன்னறையில்தான் இருந்தது. ஆகவே ஓவனும் முன்னறையில், இரண்டு தறிகளுக்குப் பக்கத்தில், மூன்றாவது தறிபோல உட்கார்ந்துகொண்டது. பஞ்சு படியாமல் இருக்க அம்மா ஒரு பழைய புடவையைப் போர்த்தி வைப்பாள்.

அதன் மேல்பக்கத்தில், இரண்டு திருகுகளுக்கு நட்டநடுவே, ஒரு கடிகாரம் இருந்தது. கறுப்புக் கண்ணாடிக்குள் பச்சை எண்கள். கீழே சின்னச் சின்ன பொத்தான்கள். கரண்ட் போய்விட்டு வந்தால் எண்கள் எல்லாம் சைபராகிக் கண் சிமிட்டும். அப்போது பொத்தானை அழுத்தி மணியைச் சரியாக வைத்தால்தான் அடுப்பு சூடாகும். வைக்காவிட்டால் உள்ளே விளக்கு எரியும், கதவு மூடும், ஆனால் கேக்கு மாவு மாவாகவே கிடக்கும். எங்கள் ஊரில் கரண்ட் எத்தனை தடவை போகும் என்று அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மணி தெரியாவிட்டால் வேலை செய்ய மாட்டேன் என்கிற அடுப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எங்கள் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் மாதிரி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாளே அம்மா உத்தரவு போட்டுவிட்டாள். "இந்தக் கடிகாரத்த மட்டும் யாரும் தொடக்கூடாது. ஈரக்கை பட்டா கெட்டுப்பூடும். நான்தான் வெப்பேன்." நைனா அதற்கும் தலையாட்டினார்.

அம்மா முதலில் சுட்டது ரவையில் ஒரு கேக்கு. மேலே பாதாம்பருப்பு பதித்து, சுடச்சுடச் சர்க்கரைப் பாகை ஊற்றி, சதுரம் சதுரமாக வெட்டித் தெருவுக்கே கொடுத்தாள். "கேசரி குவைத்துக்குப் போய்ட்டு வந்தா மாதிரி கீது" என்று எதிர்வீட்டு அக்கா சொன்னாள். பேரீச்சம்பழம் வைத்த பிஸ்கட் ஒன்று செய்தாள், அதற்கு அங்கே பெயர் மாமூலாம். நைனா விழுந்து விழுந்து சிரித்தார். பிறந்தநாள் கேக்கு வேண்டுமென்றால் எங்கள் தெருக்காரர்கள் புத்தூர் வரைக்கும் பஸ்ஸில் போவார்கள். அது திரும்பி வரும்போது ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். இனி அந்தத் தொல்லை இல்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அன்றைக்கு அம்மா மிஞ்சிய துண்டை என் வாயில் திணித்துக்கொண்டே சொன்னாள், "இது நல்லா ஓடிச்சின்னா நான் எதுக்குத் திரும்பிப் போவப்போறேன்?"

எனக்கு அது போதும். அந்த நிமிஷத்திலிருந்து என் உலகத்தில் ஒரே கேள்வி, ஓவன் ஓடுமா ஓடாதா என்பதுதான். ஓடினால் அம்மா உண்டு. நின்றால் அம்மா மறுபடி போனில் வருகிற குரல். இதைவிடத் தெளிவான கணக்கு எங்கள் கணக்குப் புத்தகத்தில்கூட இல்லை.

ஆனால் அம்மாவுக்கு வேறு ஒரு கேள்வியும் இருந்திருக்கிறது. அவளைக் குவைத்துக்கு அனுப்பிவைத்த ஏஜெண்டு போன் செய்யும்போதெல்லாம், வெச்சிட்டு கூப்பிடறேன் என்று சொல்லி முடித்துவிட்டு நைனாவைப் பார்ப்பாள். "நீ இன்னா சொல்ற? போவட்டுமா, இருக்கட்டுமா?" என்பாள். நைனா தறியிலிருந்து கையை எடுக்காமல் ஒரே பதிலைச் சொல்வார்.

"உன் இஷ்டம்."

எனக்கு அது நல்ல பதிலாகத்தான் பட்டது. என்னிடம் யாராவது உன் இஷ்டம் என்று சொன்னால் நான் குதித்திருப்பேன். அம்மா குதிக்கவில்லை. ஒருநாள் எனக்குத் தலை பின்னிவிடும்போது பின்னலை வலிக்கிற மாதிரி இழுத்து, "உங்க நைனாவுக்கு நான் இருந்தா இன்னா, போனா இன்னா" என்றாள். என்னிடம் சொன்னாளா, பின்னலிடம் சொன்னாளா தெரியவில்லை. எனக்கு வலித்தது. 

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் தெருவில் தறிக்குப் பூசை உண்டு. விடியலில் தறியைத் துடைத்து, சந்தனம் குழைத்து, நடுவில் குங்குமம் வைத்து, சூடம் காட்டிவிட்டுத்தான் ஓட்டுவார்கள். நைனா இதில் ரொம்பக் கறார். தறிக்கு வைத்து, மோட்டாருக்கு வைத்து, சைக்கிளுக்கு வைத்து, மிச்சமிருந்தால் என் நெற்றிக்கும் வைப்பார். அதே நேரத்தில் அம்மா வேண்டுதலுக்காக மாரியம்மன் கோயிலுக்கு விளக்குப் போடப் போயிருப்பாள். முன்னறை மூலையில் பாயில் படுத்திருக்கும் எனக்கு மணிச் சத்தம் கேட்டு விழிப்பு வரும். நைனா தறிகளை முடித்துவிட்டு ஓவனுக்கு முன்னால் போய் நிற்பதைப் பார்ப்பேன். புதிதாக வீட்டுக்கு வந்த மெஷினுக்குப் பொட்டு வைக்காமல் விடுவாரா? பொட்டு வைக்க நெற்றி வேண்டும். ஓவனுக்கு நெற்றி எது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மேலே, நட்டநடுவே, கடிகாரம்.

குழைத்த சந்தனத்தைப் பொத்தான்களின் மேல் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமத்தை அழுத்தி, சூடம் காட்டிக் கண்ணை மூடி நிற்பார். முணுமுணுப்பார், பாயில் படுத்திருக்கும் எனக்குக் கேட்கும். பிறகு அம்மாவின் உத்தரவு ஞாபகம் வந்து, அவள் வருவதற்குள் தோள் துண்டால் அவசர அவசரமாகத் தேய்த்துத் துடைப்பார். துடைத்தால் போனது கொஞ்சம், இடுக்கில் இறங்கியது நிறைய. இதை இப்போது சொல்கிறேன். அப்போது எனக்கு அது ஒரு செய்தியாகவே தோன்றவில்லை. எங்கள் வீட்டில் மெஷினுக்குப் பொட்டு வைப்பது பல் தேய்ப்பது மாதிரி. யாராவது பல் தேய்த்ததைப் போய் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருப்பார்களா?

முதலில் ஒரு பொத்தான் கொஞ்சம் மெத்தனமாக இருந்தது. அழுத்தினால் உள்ளே போய், யோசித்து, பிறகு வெளியே வந்தது. அடுத்த வெள்ளிக்குப் பிறகு கடிகாரம் தானாக ஓட ஆரம்பித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணி எட்டாகி, ஒன்பதாகி, பன்னிரண்டாகி, மறுபடி ஒன்றாகும். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் எங்கள் ஓவனுக்கு ஒரு பகல் முடிந்து இரவு வந்துவிடும். மணி நிலைக்காததால் அடுப்பு சூடாகவில்லை. அம்மா பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்திப் பார்ப்பாள். திடீரென்று நிற்கும். அவசரமாக கேக்கை உள்ளே வைப்பாள். பாதி வேகும்போது மறுபடி ஓடத் தொடங்கிவிடும். கேக்கு நடுவில் குழி விழுந்து வெளியே வரும். நான் அந்தக் குழி விழுந்த கேக்குகளை அழுதுகொண்டே தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தறிப்பஞ்சு உள்ளே போயிருக்கும் என்றாள் அம்மா. வோல்டேஜ் சரியில்லை என்றார் நைனா. எதிர்வீட்டு அக்கா மட்டும் ஓவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கண்ணு பட்டுப்போச்சு, வேற இன்னா" என்று தீர்ப்பு சொன்னாள். நைனாவுக்கு அதுதான் சரியாகப் பட்டது. ஆகவே அடுத்த வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம் சுற்றி, மஞ்சள் தண்ணீரும் தெளித்து, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சந்தனம் வைத்தார். எங்கள் நைனா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார்.

அந்த வாரம்தான் அம்மாவுக்கு முதல் பெரிய ஆர்டர் வந்திருந்தது. நைனாவுக்கு நூல் கொடுக்கிற மேஸ்திரியின் பேரனுக்கு ஞாயிற்றுக்கிழமை முதல் பிறந்தநாள். ஊரே வரும். கேக்கு நன்றாக அமைந்தால் அதைத் தின்றவர்கள் எல்லோரும் அம்மாவைத் தேடி வருவார்கள். அமையாவிட்டாலும் தேடி வருவார்கள், அது வேறு மாதிரி. அதற்கு அடுத்த வாரம் அம்மாவின் டிக்கெட். அதே வெள்ளிக்கிழமை காலை கோயிலிலிருந்து வந்த அம்மா மாவு கலக்கி மாதிரிக்கு ஒன்று சுட உட்கார்ந்தாள். கடிகாரம் ஒருமுறை வெறிபிடித்து ஓடியது. பிறகு பச்சை எண்கள் அப்படியே அணைந்துபோயின. என்ன அழுத்தியும் வரவில்லை.

அம்மா மாவுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தாள். "சரி, எனுக்கு விதிச்சது அங்கதான்" என்று மெதுவாகச் சொன்னாள். நைனா எழுந்தார். உள்ளே போய் ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டு வந்தார்.

அவருக்குத் தறி தெரியும், ஓவன் தெரியாது. ஆனாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மேல் தகட்டைக் கழற்றி, கடிகாரத்தை மட்டும் தனியே வெளியே எடுத்தார். பின்னால் ஏழெட்டு ஒயர்கள். எது எங்கே இருந்தது என்று மறந்துவிடக்கூடாதே. பாவு நூலில் கலர் கலராக எடுத்து, ஒயரில் ஒரு முடிச்சு, அது இருந்த இடத்தில் அதே கலரில் ஒரு முடிச்சு என்று கட்டிக்கொண்டே வந்தார். அறுந்த நூலைக் கண்ணை மூடிக்கொண்டு முடிகிற விரல்கள் அவை, அன்றைக்கு ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தன. தீபாவளிக்குச் சட்டை தைத்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது கடிகாரம். அதை ஒரு டவலில் சுற்றி அம்மாவிடம் கொடுத்து, திருப்பதியில் டிவி ரிப்பேர் செய்கிற ஒருவரின் கடைக்கு வழி சொன்னார். நைனாவுக்குத் தறியில் ஓடிக்கொண்டிருந்த பாவை முடித்துக் கொடுக்கிற வேலை, நகர முடியாது. எனக்குச் சனிக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு. வயிற்றுவலி வரவழைத்துக்கொண்டு அம்மாவோடு கிளம்பிவிட்டேன்.

புத்தூர் வழியாகத் திருப்பதி போகிற பஸ்ஸில் அம்மா அந்த டவல் மூட்டையை மடியிலேயே வைத்திருந்தாள். டிக்கெட் கொடுத்த கண்டக்டர் கைக்குழந்தையா என்று எட்டிப் பார்த்தார். நான் ஜன்னலோரம். அம்மாவோடு தனியாக நான் போகிற முதல் பயணம் அதுதான். என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. "உனுக்கு இன்னா கலரு புடிக்கும்?" என்று கேட்டாள். பத்து வயசு மகளிடம் அதைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும், உடனே வெளியே பார்த்துக்கொண்டாள். பச்சை என்று சொன்னேன். கடிகாரத்தை மனதில் வைத்துத்தான் சொன்னேன்.

திருப்பதியில் மலைக்குப் போகிற கூட்டத்தைப் பிளந்துகொண்டு நைனா சொன்ன சந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். செத்த டிவிக்கள் சுவரோரம் அடுக்கிக் கிடந்த கடை. மெக்கானிக் டவலைப் பிரித்ததும் நூல் முடிச்சுகளைப் பார்த்துச் சிரித்தார். தெலுங்கில், இந்த மாதிரி சாமான் என்னிடம் வந்ததே இல்லை, இதற்கு ஸ்பேர் இங்கே கிடைக்காது, சென்னையில்கூடச் சந்தேகம்தான் என்று அடுக்கினார். அம்மா, திறந்தாவது பாருங்கள் என்று தெலுங்கிலேயே கெஞ்சினாள். அவர் சலித்துக்கொண்டே முன்பக்கத்தை நெம்பித் திறந்தார். திறந்தவர் அப்படியே நிறுத்தி, விளக்கைக் கிட்டே இழுத்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார்.

"இதி குங்கும கதம்மா?" என்றார், இது குங்குமம்தானே என்று.

பொத்தான்களின் அடியில் காய்ந்த சந்தனம் பாளம் பாளமாக இறுகியிருந்தது. அதற்கு மேல் சிவப்பு. ஒரு பொத்தான் அந்தச் சந்தனத்தில் அழுந்திய வாக்கில் ஒட்டிக்கொண்டு எழவே முடியாமல் கிடந்தது. அதனால்தான் மணி நிற்காமல் ஓடியிருக்கிறது. மஞ்சள் தண்ணீர் இறங்கிய இடத்தில் தகடு பச்சை பூக்கத் தொடங்கியிருந்தது. திருப்பதியில் குங்குமத்தைப் பார்க்காத ஆள் உண்டா? ஆனால் கடிகாரத்துக்குள் பார்த்தது அவருக்கு முதல் தடவை.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "பாப்பா, இது இன்னா?"

"நைனா வெக்கிற பொட்டு" என்றேன். "வெள்ளிக்கெயம தறிக்கு வெக்கும்போது இதுக்கும் வெப்பாரு. நீ கோயிலுக்குப் போனப்பறம். அப்பால தொடச்சிடுவாரு."

"இதுக்கு எதுக்கு வெக்கணும்?"

அம்மாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "வேண்டிக்கினுதான். ‘இவள இங்கியே வெச்சிடு தாயே’ன்னு சொல்லுவாரு. தறிக்கு அத்த சொல்லமாட்டாரு, இதுக்கு மட்டுந்தான்."

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு அந்தச் சிவப்பைப் பார்த்தாள். முதலில் சிரித்தாள், கடைக்கு வெளியே போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கே முடிந்தது என்று தெரியவில்லை, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். மெக்கானிக் பயந்துபோனார். மெஷினுக்காகப் போய் யாராவது அழுவார்களா அம்மா, நான் முயற்சி செய்து பார்க்கிறேன் என்று தேற்றினார். நானும் அவள் மெஷினுக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன்.  ஓவன் போச்சு, அம்மாவும் போச்சு. இதைச் செய்தது எங்கள் நைனா.

ஸ்பிரிட் போட்டுச் சுரண்டி, கழுவி, பல்பு வெளிச்சத்தில் காயவைக்க வேண்டும் என்றார் மெக்கானிக். பிழைத்தால் பிழைக்கும், என்னைக் கேட்காதீர்கள், சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று எங்களை அனுப்பிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் அம்மா எனக்குக் கோன் ஐஸ் வாங்கிக் கொடுத்தாள். என்னை ஒரு படியில் உட்காரவைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப்போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு போனில் பேசினாள். தெலுங்கில் பேசினாள். பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததில் ஏஜெண்டின் பெயரும், டிக்கெட் என்கிற வார்த்தையும் மட்டும் என் காதில் விழுந்தன. எனக்கு வேறு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. டிக்கெட்டை உறுதி செய்கிறாள். ஐஸ் என் முழங்கையில் உருகி வழிந்தது. கூரைகளுக்கு மேலே தெரிந்த மலையைப் பார்த்து, கடிகாரத்தை எரியவைத்தால் என் முடியைக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பின்னலே எனக்கு இருந்த ஒரே பெருமை. அதைக் கொடுப்பதற்குக் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

நாங்கள் திரும்பிப் போனபோது மெக்கானிக் கடிகாரத்தில் இரண்டு ஒயரைச் சொருகி, பிளக்கைப் போட்டார். ஒன்றும் வரவில்லை. ஆட்டிப் பார்த்தார். எதையோ சூடுகாட்டி ஒட்டினார். மறுபடி போட்டார். கறுப்புக் கண்ணாடிக்குள் பச்சையாகச் சைபர்கள் வந்து கண் சிமிட்டின.

நான் கத்திவிட்டேன். குதித்ததில் ஒரு டிவி சரிந்து விழப்பார்த்தது. அம்மா என்னைப் பிடித்து நிறுத்தி, மெக்கானிக்குக்கு நன்றி சொல்லி, கடிகாரத்தை டவலில் சுற்றினாள். "சரி, போலாமா?" என்றாள், அவ்வளவுதான். எனக்கு அம்மாமேல் கோபம் வந்துவிட்டது. உயிர் போய் உயிர் வந்திருக்கிறது, இவளுக்கு ஒரு சந்தோஷம் வேண்டாமா? திரும்பி வருகிற பஸ்ஸில் நான் உம்மென்று இருந்தேன். அம்மா என் ஒட்டிப்போன முழங்கையை எச்சில் தொட்டுத் துடைத்துக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். இறங்குமிடம் தாண்டிப் போகப் பார்த்தோம்.

நைனா வாசலிலேயே நின்றிருந்தார். எங்களுக்காக நின்றதாகக் காட்டிக்கொள்ளாமல், எதையோ தேடுகிற மாதிரி பாவனை செய்தார்.

"ஆச்சா?" என்றார்.

"ஆச்சு" என்றாள் அம்மா.

அவர் உட்கார்ந்து நூலின் கலர் பார்த்துக் கலர் பார்த்து ஒயர்களை மாட்டினார். அம்மா பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ஒயரைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒருமுறை தலைதூக்கினார், உடனே குனிந்துகொண்டார். எல்லாம் முடிந்து பிளக் போட்டதும் பச்சை எண்கள் வந்தன. அம்மா மணி வைத்தாள். உள்ளே சூடேறுகிற வாசனை வந்தது.

அப்போதுதான் சொன்னாள், ரொம்பச் சாதாரணமாக. "இனிமே பொட்டு வெக்கறதுன்னா இந்தப் பக்கமா, ஓரத்துல வையி. நெத்தியில வாணாம். வேண்டிக்கிறத எங்கிட்டயே சொன்னா இன்னும் நல்லது."

நைனா என்னைப் பார்த்தார். நான் தரையில் கிடந்த நூல்களைப் பொறுக்கினேன். அவர் முகம் போன போக்கை இப்போதும் மறக்கமுடியாது. விருட்டென்று எழுந்து போய்த் தறியை ஓடவிட்டார். அது பாவு தீர்ந்துபோன தறி. நூலே இல்லாமல் அது பாட்டுக்குத் தடதடவென்று வெறுமனே ஓடியது. அவரும் அதற்கு முன்னால் நின்று, நெய்கிறவர் மாதிரியே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மாவு கலக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கேக்கு குழி விழாமல் வந்தது. மேஸ்திரியின் பேரன் அதைக் கையால் குத்தியதைத் தவிர அதற்கு வேறு ஒரு குறையும் இல்லை. அந்த வாரத்திலேயே வேறு இரண்டு வீட்டுக்காரர்கள் வந்து கேட்டார்கள். அம்மாவின் டிக்கெட் நாளும் வந்தது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து பார்த்தபோது அவள் ஓவனுக்கு முன்னால் உட்கார்ந்து அப்பளக் கட்டையால் மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நைனா அவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தறி நின்றிருந்தது. மொட்டைத் தலையோடு நான் வாசலில் நின்று பார்த்தேன். ஆமாம், இடையில் ஒருநாள் அம்மாவும் நானும் மலைக்குப் போய் முடியைக் கொடுத்துவிட்டு வந்திருந்தோம். மலையோடு பேசி வைத்ததைச் சொன்னபோது அம்மா மறுக்கவில்லை.

கடிகாரம் சரியாயிற்று, அதனால் அம்மா இருந்துவிட்டாள். என் வகுப்பில் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன். அந்தத் திருப்பதி மெக்கானிக்கை எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றியவராக வைத்து ரொம்ப வருஷம் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கதையில் ஒரு சின்ன இடறல் இருப்பதை, எனக்கே கல்யாணமாகி, இரண்டு தடவை கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். இரண்டாவது தடவை வந்தபோது, அம்மா கேக்கு சுடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். திடீரென்று அந்தப் பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஏஜெண்டிடம் இன்னா சொன்ன என்று கேட்டேன்.

"வரலன்னு சொன்னேன்" என்றாள், கதவைத் திறந்து கேக்கைக் குச்சியால் குத்திப் பார்த்துக்கொண்டே.

அவள் அதைச் சொன்ன நேரத்தில் கடிகாரம் இன்னும் அந்தக் கடையில் மூடி திறந்து, ஈரமாக, விளக்கு எரியாமல் கிடந்தது. அது பிழைக்குமா என்று மெக்கானிக்குக்கே தெரியாது. நான் சாயங்காலப் பஸ்ஸிலேயே என் புருஷன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.